ஒன்பது முற்றங்களும் ஐந்தாவது கதவும்

அக்டோபர் 3, வியாழன், காலை 7.40. வீடுகள் ஒன்பது.

லெஸ்கா கிராமத்தின் கிழக்குச் சரிவு. ஊற்றடியில் முதல் வீடு, தேவாலயத்துக்குக் கீழே ஒன்பதாவது. எல்லாம் தெருவின் ஒரே பக்கத்தில், ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற மாதிரி. கீழ்த்தளம் கருங்கல். மேல்மாடி மரச்சட்டமும் மண்பூச்சும், தெருவுக்கு மேலே ஒரு முழம் துருத்திக்கொண்டு. கூரை முழுக்கக் கற்பலகை. சதுர மீட்டருக்கு முந்நூறு கிலோ தேறும். எந்தப் புண்ணியவான் இந்த மெல்லிய கைமரங்களின் மேல் இத்தனை பாரத்தை ஏற்றினானோ, நூற்றெழுபது வருடமாக நிற்கிறது. என் கணக்குப்படி நிற்கக் கூடாது.

பழைய வீடுகளை அளக்க அரசு அனுப்பிய பொறியாளன் நான். வேலை எளிது. ஒவ்வொரு வீட்டுக்கும் நூற்றுக்கு மதிப்பெண். சட்டகம், உள்வேலைப்பாடு, மாறாத ஜன்னல், மாறாத கூரை என்று பிரித்துப் போட வேண்டும். அறுபது வந்தால் பாதுகாப்புப் பட்டியல். கூரையை அரசே பழையபடி கட்டித் தரும். அறுபதுக்குக் கீழே என்றால் வீட்டுக்காரர் இஷ்டம்: இடிக்கலாம், தகரம் போடலாம், யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு வாரத்தில் முடித்துவிட்டுப் பிளாவ்திவ் நகரத்துக்குத் திரும்பிவிடலாம் என்று நினைக்கிறேன்.

தங்கியிருப்பது ஐந்தாவது வீட்டின் மேல்மாடியில். வீட்டுக்காரி பெனா அக்கா, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, கணவர் இறந்து மூன்று வருடம். பெட்டியை வைத்ததுமே சொன்னார்: "கட்டிலை ஒழுகாத மூலையிலதான் போட்டிருக்கேன். ஆனா மழை எந்த மூலைக்கு மாறும்னு எனக்குத் தெரியாது. நீ படிச்சவன், பாத்துச் சொல்லு."

அக்டோபர் 4

இரண்டாவது வீடு. ஸ்லாத்தா அக்கா. 1998இல் யாரோ எடுத்த புகைப்படம் என்னிடம் இருக்கிறது: பெரிய அறையின் மேற்கூரையில் வால்நட் மரத்தில் செதுக்கிய சூரியன், முப்பத்திரண்டு கதிர். இதற்காகவே அந்த வீட்டை முதலில் எடுத்தேன். கதவைத் திறந்தால் பெயிண்ட் வாடை முகத்தில் அடித்தது. சூரியன் பளபளவென்று வெண்ணெய் நிறத்தில் மின்னுகிறது. எண்ணெய்ப் பெயிண்ட். இரண்டு பூச்சு. கதிர்களுக்கு நடுவே இருந்த உளித்தடம் முழுக்க அடைபட்டுவிட்டது.

"இதை யார் செய்யச் சொன்னது?" என்று கத்திவிட்டேன்.

"யாரும் சொல்லல தம்பி. அதிகாரி வர்றாருன்னாங்க. அழுக்கா இருந்தா நமக்குத்தானே அசிங்கம்? ஏணி மேல நின்னு கழுத்தே ஒடிஞ்சு போச்சு." பெருமையாக நிமிர்ந்து பார்த்தார். "நல்லா இருக்குல்ல?"

நல்லாயில்லை என்றேன். பதினெட்டு மதிப்பெண் போச்சு என்றேன். அவர் உள்ளே போய்ச் சீமைமாதுளைப் பாகு ஒரு கிண்ணம் கொண்டுவந்து வைத்தார். "சாப்பிடு. பசியில இருக்கற மனுஷன்தான் இப்படிப் பேசுவான்."

மொத்தம் 49. பாகு நன்றாக இருந்தது. அதற்கு மதிப்பெண் கிடையாது.

அக்டோபர் 5

மூன்றாவது வீட்டிலும் பெயிண்ட். வாசற்கதவுக்கு. பச்சை. நானே இந்த வீடுகளுக்கு வந்த நோய்.

அக்டோபர் 7

ஊரில் எனக்கு 'மார்க்கு வாத்தியார்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாலாவது வீட்டுக்காரர் வழிமறித்துக் கேட்கிறார்: "ஸ்லாத்தாவுக்கே நாப்பத்தொம்பதா? அவ வீட்டுல கக்கூஸ் இன்னும் வெளியில இருக்கு! எனக்கு உள்ளேயே இருக்கு, எனக்கு எவ்வளவு?" கக்கூஸ் உள்ளே வந்ததற்குத்தான் உங்களுக்குக் குறைந்தது என்று விளக்கினேன். "அப்ப வெளியில போறவனுக்குத்தான் அரசாங்கம் கூரை போடுமா?" என்று சிரித்தார். நியாயமான கேள்வி.

ஒன்று மட்டும் புரியவில்லை. மதிப்பெண்ணை நான் யாரிடமும் சொல்வதில்லை, வீட்டுக்காரரிடம் தவிர. சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்து இரண்டு வீடு மேலே ஏறுவதற்குள் அங்கே தெரிந்திருக்கிறது. இத்தனைக்கும் நான் மெதுவாக நடக்கிறவன் இல்லை.

அக்டோபர் 8

பெனா அக்கா வீட்டை இன்று எடுத்தேன். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், தங்கியிருக்கிற வீட்டை அளப்பது சாப்பிடுகிற தட்டை எடை போடுகிற மாதிரி.

சட்டகம் அருமை. மேல்மாடி உத்திரங்களில் ஒரு இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மரமுளை. ஆனால் கீழ்த்தளம் முழுக்க எண்பதுகளில் சிமெண்ட் பூசிவிட்டார்கள், அடுப்படியில் ஓடு ஒட்டிவிட்டார்கள். முகட்டு உத்திரம் நடுவில் பதினொரு செண்டிமீட்டர் தொய்ந்திருக்கிறது. இன்னொரு கனத்த பனியைத் தாங்கினால் ஆச்சரியம்.

மொத்தம் 54.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். எனக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "அக்கா, ஆறு குறையுது."

பெனா அக்கா சுட்ட குடைமிளகாயின் தோலை உரித்துக்கொண்டே இருந்தார். கை நிற்கவில்லை. "சரி. அப்ப தகரக்காரனை வரச் சொல்லிடறேன். இருபத்தெட்டாம் தேதி. மேல்மாடியை இறக்கிட்டு, கீழ்த்தளத்து மேலேயே தகரம் போட்டுடுவான். பனிக்கு முன்னாடி முடியும்."

"மேல்மாடியையேவா?"

"பின்னே? தலைமேல விழறதுக்குக் காத்திருக்கட்டுமா? நான் ஒருத்தி. எனக்குக் கீழே ரெண்டு ரூம் போதும்."

நூற்றெழுபது வருடத்து மரமுளைச் சட்டகம். நான் இதுவரை பார்த்ததிலேயே சுத்தமானது. ஆறு மதிப்பெண். போட்டுவிடலாமா? 'உள்வேலைப்பாட்டில்' மூன்று, 'மாறாத ஜன்னலில்' மூன்று. யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?

நான் பேனாவைத் திருப்புவதைப் பார்த்துவிட்டார். "இந்தா, போட்டுக் குடுக்கற வேலையெல்லாம் வேணாம். ஸ்லாத்தா கழுத்து ஒடிய பெயிண்ட் அடிச்சு நாப்பத்தொம்பது வாங்கியிருக்கா. நான் உனக்குச் சோறு போட்டு அறுபது வாங்கினேன்னு ஊரு பேசும். பேசினா நியாயம்தான்."

போடவில்லை.

அக்டோபர் 10

ஆறாவது வீடு. ஸ்டாமென் அண்ணன், ஊர்ப் பேருந்து ஓட்டுநர், தனிக்கட்டை, குரல் மட்டும் பத்துப் பேருக்கு. வெள்ளைப் பிளாஸ்டிக் ஜன்னல் எட்டு. 51.

"மத்தவங்களுக்கெல்லாம் எவ்வளவு?" என்று கேட்டார்.

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு யாரு சொல்றா?"

கீழே இருக்கிற ஐந்து வீட்டுக்கும் எல்லார் மதிப்பெண்ணும் தெரிந்திருக்கிறது. இவர் கையால் எட்டிவிடுகிற தூரத்தில் பெனா அக்கா வீடு. இவருக்குத் தெரியாது. ஏன்?

அக்டோபர் 11

கண்டுபிடித்துவிட்டேன்! என்னை நானே உதைத்துக்கொள்ள வேண்டும். படிவம் வீட்டைத்தான் கேட்கிறது என்று வீட்டை மட்டும் வரைந்துகொண்டிருந்தேன். முற்றத்துச் சுவர்களை வரையவே இல்லை. இன்று மழைத்தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காக ஒன்பது முற்றத்தையும் ஒரே தாளில் வரைந்தேன். ஒவ்வொரு நடுச்சுவரிலும் ஒரு சின்னக் கதவு. கொம்ஷுலுக், அண்டைவீட்டு வழி. என் அத்தை வீட்டிலும் ஒன்று இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி உப்பு கேட்டு வருவாள். இதையெல்லாம் யார் வரைவார்கள்?

ஆனால் ஒன்பது முற்றத்துக்கு எட்டுக் கதவு, எட்டும் ஏறக்குறைய ஒரே கோட்டில். தெருவுக்கே வராமல் ஊற்றடியிலிருந்து தேவாலயம் வரை போய்விடலாம். என் மதிப்பெண்கள் இந்த வழியாகத்தான் எனக்கு முன்னால் ஏறிப் போயிருக்கின்றன.

இப்படி ஒன்பது வரிசையாக நான் எங்கேயும் பார்த்ததில்லை. படித்ததுமில்லை. தனித்தனியாகப் பார்த்தால் ஏழு வீடாவது தோற்கும் போலிருக்கிறது. ஒன்பதும் சேர்ந்தால்?

அக்டோபர் 12

நடந்து பார்த்தேன். ஊற்றடியிலிருந்து ஏறினேன். முதல் கதவு, கோழி. இரண்டாவது, ஸ்லாத்தா அக்கா மறுபடி பாகு. மூன்றாவதில் யாரும் 'யார்' என்றுகூடக் கேட்கவில்லை; சின்னக் கதவு வழியாக வருகிறவனை ஏன் கேட்க வேண்டும்? நாலாவது தாண்டிப் பெனா அக்கா முற்றம். ஐந்தாவது கதவு — குறுக்கே ஒரு பலகை, நாலு ஆணி. மூன்று அங்குலம். பெனா அக்கா பக்கத்திலிருந்து அடித்தது.

அந்தப் பக்கம் ஸ்டாமென். செய்தி அவரிடம் போகாததன் காரணம் இதுதான்.

அக்டோபர் 14

தலைநகர் சோபியாவுக்குப் போன் போட்டேன். பாதுகாப்புப் பட்டியலை முடிவு செய்கிற ஆணையத்தின் தலைவி கல்பகோவா மேடம். தொகுதியாகப் பட்டியலிட வழி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்கு. ஆனா சும்மா பக்கத்துல பக்கத்துல இருந்தா தொகுதி ஆகாது. இன்னும் ஒண்ணா இயங்கணும். எட்டுக் கதவும் புழக்கத்துல இருக்கா?"

"ஒன்று தற்சமயம் புழக்கத்தில் இல்லை."

"எந்த ஒண்ணு?"

"நடுவில்."

"யாவோர், நடுவுல அடைச்சிருந்தா அது ரெண்டு துண்டு. ரெண்டு துண்டுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இருபத்துமூணாம் தேதி நாங்க மூணு பேர் வர்றோம். நடந்தே பாக்கறோம்."

தகரக்காரன் வருவது இருபத்தெட்டு.

ஒரு பலகை. நாலு ஆணி. எடுக்க எனக்கு ஐந்து நிமிடம் போதும். இதற்குப் போய் ஒரு மேல்மாடியை இழப்பார்களா?

அக்டோபர் 15

இழப்பார்கள் போலிருக்கிறது.

பெனா அக்காவிடம் எல்லாம் விளக்கினேன்: கதவு திறந்தால் தொகுதி, தொகுதி என்றால் கூரை, கூரை என்றால் மேல்மாடி நிற்கும். படம் வரைந்தே காட்டினேன். கேட்டுக்கொண்டார். பிறகு, "முடியாது" என்றார்.

"ஏன்?"

"என் புருஷன் டெல்ச்சோ செத்த அன்னிக்கு அந்த ஸ்டாமென் தெருவாசல் வழியா வந்தான்."

எனக்குப் புரியவில்லை. வந்தாரே, அதுதானே முக்கியம் என்றேன்.

"முப்பது வருஷம் அந்தச் சின்னக் கதவு வழியா என் அடுப்படிக்கு வந்தவன். ரொட்டியை எடுத்துக்குவான், ராக்கியாச் சாராயத்தை ஊத்திக்குவான், 'பெனா, உப்புப் பத்தல'ம்பான். என் புருஷனும் அவனும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க. அன்னிக்கு மட்டும் கறுப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு, தெருவைச் சுத்தி வந்து, பெரிய கதவைத் தட்டறான்! 'ஆழ்ந்த அனுதாபங்கள்'ங்கறான்! ஊராட்சித் தலைவர் மாதிரி! எனக்கு அன்னிக்குக் கோட்டுப் போட்ட ஆளா வேணும்? அடுப்படியில நுழைஞ்சு, 'எந்திரி, காப்பி நான் போடறேன்'னு சொல்ற ஆளு வேணும். அந்நியன்னு அவனே காட்டிட்டான். அந்நியனுக்குச் சின்னக் கதவு எதுக்கு?"

அன்று இரவே அடித்த பலகையாம் அது. இழவு வீட்டில் சுத்தியல் சத்தம் கேட்டு ஊரே திரும்பிப் பார்த்ததாம்.

அக்டோபர் 16

ஸ்டாமென் அண்ணனைப் பேருந்து நிறுத்தத்தில் பிடித்தேன். பயணி யாரும் இல்லை. இஞ்சினை அணைத்தார்.

"தெருவாசல் வழியா வந்தது மரியாதை தம்பி! செத்த வீட்டுக்குக் கொல்லைப்புறமா, கோழியைத் தாண்டிக்கிட்டு, கையைத் தொடச்சுக்கிட்டு வர்றதா? டெல்ச்சோ யாரு? என் அப்பன் சாவுக்குக்கூட நான் கோட்டுப் போடல. டெல்ச்சோவுக்குப் போட்டேன். கடன் வாங்கின கோட்டு. பெரிய மனுஷன் வீட்டுக்கு வர்ற மாதிரி வரணும்னு நெனச்சேன். ஊரு பாக்கட்டும், இந்த ஆளுக்கு ஸ்டாமென் தெருவழியா வந்தான்னு."

"அதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"பலகைகிட்ட எப்படிச் சொல்றது?"

இரண்டு பேரும் சரி. இதுதான் இதில் இருக்கிற பெரிய தொல்லை. ஒருவர் தவறென்றால் திருத்திவிடலாம்.

அக்டோபர் 17

தூது போனேன். போயிருக்கக் கூடாது.

ஸ்டாமென் சொன்னதை அப்படியே பெனா அக்காவிடம் சொன்னேன். "கடன் வாங்கின கோட்டா? அதான் கை நீளமா தொங்கிச்சு. கழுதைன்னு சொல்லு" என்றார். அதைப் போய் அங்கே சொன்னேன். "கழுதைதான். கழுதைன்னா முப்பது வருஷம் அவ அடுப்படியில புல்லு தின்னிருக்குன்னு சொல்லு" என்றார். இதை இங்கே சொன்னதும் பெனா அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டு, "உனக்கு வேற வேலை இல்லையா? அளக்கத்தானே வந்தே? போய் அள" என்றார்.

அக்டோபர் 19

பெனா அக்கா சந்தைக்குப் போயிருந்தார். கடப்பாரையை எடுத்துப் பலகையைப் பெயர்த்துவிட்டேன். நாலு ஆணியும் வளையாமல் வந்தது. கதவை இழுத்தேன், கீல் இன்னும் நன்றாக இருக்கிறது. உயரம் 1.55, அகலம் 0.74. முடிந்தது. இதற்கு மூன்று வருடமா?

அக்டோபர் 20, ஞாயிறு

காலையில் பார்த்தால் இரண்டு பலகை. ஆறு ஆணி. ஐந்து அங்குலம்.

காலை உணவு மேலே வந்தது, சீஸ் வைத்துச் சுட்ட அடை, ஸ்லாத்தா அக்கா கையில். "அவ உன்கூடப் பேச மாட்டாளாம். பானிட்சா மட்டும் குடுத்தனுப்பினா. ஆறிப் போறதுக்குள்ள தின்னு." கட்டிலில் உட்கார்ந்துகொண்டு என் தட்டையே பார்த்தார். "ஏன் தம்பி, என் சூரியனை யாரைக் கேட்டு அடிச்சேன்னு அன்னிக்குக் கேட்டியே. அவ கதவை யாரைக் கேட்டு நீ பிடுங்கினே?"

பானிட்சாத் தட்டைக் கீழே வைத்தேன்.

நேத்து ஒரு காரியம் பண்ணினேனே, அது பொறியியலே இல்லை. பலகையை எடுத்தேன், அவ்வளவுதான். கதவைத் திறக்கவே இல்லை. அந்தக் கதவு திறந்திருக்கிறதா இல்லையா என்பது பலகையில் இல்லை என்று எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும். எனக்கு ஏன் தெரியல?

மாலையில் கீழே இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டேன். பெனா அக்கா மிளகாய் சுடும் அடுப்பை ஊதிக்கொண்டே, "சரி சரி, அந்த விறகை எடு" என்றார். அவ்வளவுதான். ஆணையம் வருவது பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அக்டோபர் 22

நாள் முழுக்க மழை. கட்டிலை இரண்டு முறை நகர்த்தினேன். இரவில் முகட்டு உத்திரம் முனகுகிறது. கல்பகோவா மேடத்திடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடப் போகிறேன். மேலே நாலு முற்றம், கீழே ஐந்து முற்றம், நடுவில் சண்டை. இரண்டு துண்டு. வேறு என்ன சொல்ல? உத்திரம் முனகுவதையா?

அக்டோபர் 23, புதன்

எல்லாவற்றையும் வரிசையாக எழுதிவிட வேண்டும், நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

மூன்று பேர் வந்தார்கள். கல்பகோவா மேடமும் வயதான இரண்டு கட்டடக்கலைஞர்களும். மழை விட்டிருந்தது. தேவாலயத்திலிருந்து இறங்கினோம்: ஒன்பது, எட்டு, ஏழு. கதவுக்குக் கதவு மேடம் முகம் மலர்ந்துகொண்டே வந்தது. ஏழாவது வீட்டம்மா யாரையும் கேட்காமல் மேடம் கையில் ஒரு ஆப்பிளைத் திணித்துவிட்டார். ஆறாவது முற்றத்தில் ஸ்டாமென் அண்ணன் நின்றுகொண்டிருந்தார், சவரம் செய்து, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு. அவருக்குப் பின்னால் அந்தக் கதவு. சாத்தியிருக்கிறது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் பலகையும் தெரியாது, ஆணியும் தெரியாது.

"இதுதானா அந்த நடுக்கதவு?" என்று மேடம் என்னைக் கேட்டார்.

வாயைத் திறந்தேன். அதற்குள் ஸ்டாமென் முந்திக்கொண்டார்.

"ஆமாங்க மேடம். மழையில ஊறிப் போச்சு. அதான் கொஞ்ச நாளா இறுக்கமா இருக்கு. மத்தபடி தினமும் போற வழிதான். அந்தப் பக்கம் எங்க பெனா வீடு."

எங்க பெனா. மூன்று வருடமாகப் பெயர்கூடச் சொல்லாத ஆள். சொல்லிவிட்டு அவருக்கே முகம் வெளுத்துவிட்டது. இனி தள்ளிக் காட்ட வேண்டும், ஐந்து அங்குல ஆணி ஆறு. அவர் தோளால் மெல்ல ஒரு தள்ளு தள்ளினார். கதவு அசையவில்லை. மறுபடி தள்ளினார். மேடம் கைப்பையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். க்ரீச். ஈரப் பலகையிலிருந்து ஆணி வருகிற சத்தம். நாலு நாளைக்கு முன்னால் நானே கேட்டது.

"என்ன சத்தம் அது?" என்றார் மேடம்.

"விறகு பிளக்கறாங்க" என்றார் ஸ்டாமென், இருமிக்கொண்டே.

க்ரீச்.

"ஈர விறகு" என்றார்.

மூன்றாவது ஆணிக்கு அவர் இந்த வருடத்து பிளம் விளைச்சலைப் பற்றி ஆரம்பித்தார். பேருந்துக் குரலில். நாலாவதுக்கு ராக்கியா காய்ச்சும் அடுப்பு, ஐந்தாவதுக்குப் பீப்பாய். வயதான இரண்டு பேரும் தங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்; அவர்கள் பிறந்த ஊரிலும் சின்னக் கதவு இருந்திருக்கும். ஆறாவது வளைந்துகொண்டது போல. அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை கேட்டது, பிறகு ஒரு தடால்.

கதவு திறந்தது. பெனா அக்கா. தலையில் மரத்தூள், கன்னம் சிவந்து, ஒரு கை பாவாடைக்குப் பின்னால். கடப்பாரையின் முனை கீழே எட்டிப் பார்த்தது.

"மழையில ஊறிப் போச்சுங்க" என்றார் மேடத்திடம். சுவர் வழியாக வார்த்தைக்கு வார்த்தை கேட்டிருக்கிறார். பிறகு ஸ்டாமென் பக்கம் திரும்பி: "மேடத்துக்கு வழி விடு. மாடு மாதிரி நடுவுல நிக்கறே."

மேடம் குனிந்து நுழைந்தார். இரண்டு பேரும் நுழைந்தார்கள். நானும். கடைசியாக ஸ்டாமென் அண்ணன் வந்தார், 'ணங்' என்று மேல்சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டார். முப்பது வருடம் குனிந்து வந்த உடம்பு, மூன்று வருடத்தில் உயரத்தை மறந்திருக்கிறது. பெனா அக்கா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்தும் முடியவில்லை. சிரித்துக்கொண்டே மேலாடை நுனியை வாளித் தண்ணீரில் நனைத்து அவர் நெற்றியில் ஒற்றினார், ஒற்றிக்கொண்டே திட்டினார்: "கண்ணு எங்க வச்சிருக்கே? பஸ்ஸும் இப்படித்தான் ஓட்டறியா?" அவர் நெற்றியைக் காட்டிக்கொண்டு குனிந்தே நின்றார்.

மேடம் கதவின் பின்பக்கத்தைப் பார்த்தார். மரத்தில் பத்து ஆணித்துளை; நாலு பழசு, ஆறு புதுசு. தரையில் இரண்டு பலகை. என்னைப் பார்த்தார்.

"பொறியாளரே, இந்தக் கதவு புழக்கத்தில் இருக்கா?"

நான் எதையும் கூட்டியோ குறைத்தோ எழுதுகிறவன் இல்லை. கதவைப் பார்த்தேன். அதன் வழியாக ஐந்து பேர் வந்திருக்கிறோம், ஒருவருக்கு இரத்தம்கூட வந்திருக்கிறது.

"இருக்கிறது" என்றேன். அளந்து பார்த்தாலும் உண்மைதான்.

அக்டோபர் 25

மேடம் போன் செய்தார். ஒன்பதும் ஒரே தொகுதி. மூன்று பேரும் ஒருமனதாக. 'குறிப்பு: கதவு எண் 5 ஈரத்தில் ஊறும் தன்மையுடையது' என்று சேர்த்திருக்கிறாராம். சிரிக்காமல் வாசித்தார்.

அக்டோபர் 26, சனி

புனித திமித்தர் நாள். குளிர்காலம் இன்றிலிருந்து. பெனா அக்கா தகரக்காரனுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். அவன் ஏதோ கத்தினான். போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு உருளைக்கிழங்கைத் திருப்பிப் போட்டார்.

அக்டோபர் 31, வியாழன்

உத்தரவு தாளில் வந்தது. கூரை வேலை ஏப்ரலில்தான் தொடங்கும். அதுவரை பனியை நாங்கள்தான் தாங்க வேண்டும். என் வேலை முடிந்துவிட்டது, முறைப்படி நாளைப் பேருந்தில் நான் போக வேண்டும். ஆனால் முட்டுக்கொடுப்பதை யார் கணக்குப் பார்ப்பது? தப்பான இடத்தில் ஒரு தூண் வைத்தால் முளை பிளந்துவிடும். அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். 'பனிக்கு முன் முடி' என்று பதில்.

கீழே அடுப்படியில் இரண்டு பேரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள். மிளகாய் ஊறுகாயில் பூண்டு அதிகமாம். "அப்ப உன் வீட்டுல போய்த் தின்னு!" "என் வீட்டுல ஊறுகாய் ஏது?" இந்தக் கூச்சலில் எழுதுவது கஷ்டம். ஜன்னலைச் சாத்தலாம். சாத்தவில்லை.

இனிச் செய்ய வேண்டியவை:

1. முகட்டு உத்திரத்துக்கு நாலு முட்டு. ஊசியிலை மரக்கம்பு ஸ்டாமென் அண்ணன் கொட்டகையில் இருக்கிறது. நேராக இருப்பதை நானே பொறுக்க வேண்டும்; அவர் பொறுக்கினால் எல்லாம் பேருந்துப் பாதை மாதிரி வளைந்திருக்கும்.

2. வடக்குச் சரிவில் நழுவிய கற்பலகைகளை இறக்கி, எண் எழுதி, முற்றத்தில் அடுக்குவது. கோழி ஏறாத பக்கமாக.

3. ஸ்லாத்தா அக்கா வீட்டுச் சூரியனில் ஒரே ஒரு கதிரை மட்டும் சுரண்டிப் பார்ப்பது. அவரைக் கேட்டுவிட்டு.

4. வீட்டுப் படிவத்தில் முற்றத்துச் சுவருக்கு ஒரு கட்டம் வேண்டும் என்று சோபியாவுக்கு எழுதுவது. கடுமையாக.

5. என் கட்டிலை மேல்மாடியிலிருந்து இறக்குவது, முட்டுக்கு இடம் வேண்டும். பெனா அக்கா கீழறையைத் தருகிறார். ஸ்டாமென் அண்ணன் தன் வீட்டில் நல்ல அடுப்புள்ள அறையைத் தருகிறார். 'என் வீட்டு விருந்தாளியைக் கூப்பிட நீ யாரு' என்று காலையில் ஆரம்பித்தது இன்னும் முடியவில்லை.

6. அந்தச் சண்டை முடிகிற வரை பெட்டியைப் பிரிக்காமல் இருப்பது.